கால்வாய்ப் பக்கம்

நகரத்தின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு வரலாறு எழுதிக்கொண்டிருந்தார் மதலைமுத்து. கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஒரு சந்தேகம் என்றால் மாதா கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சந்தியாகுவிடம்தான் போய் நிற்பார். உபதேசியாருக்கு இவரைவிட நாலு வயது குறைவு, படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி.

"புத்தகம் முடிஞ்ச மாதிரியும் இருக்கு, முடியாத மாதிரியும் இருக்கு. என்ன குறை, உபதேசியாரே?"

"வாங்க புரொபசரே, ஒரு சுத்து நடந்து பாத்துட்டுச் சொல்றேன்."

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. சனங்கள் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். தூங்குமூஞ்சி மரங்களின் கீழே வெள்ளைக்காரர்களின் பளிங்குக் கல்லறைகள். காலராவில் செத்த கர்னல், பிரசவத்தில் போன அவன் மனைவி, கப்பலில் வந்திறங்கிய, இறக்கை விரித்த சம்மனசு சிலை. மதலைமுத்து கல்லைப் பார்க்காமலே தேதி சொல்லிக்கொண்டு வந்தார். பெருமை தாங்கவில்லை.

"உங்கம்மாவும் இங்கதானே இருக்காங்க?"

மதலைமுத்துவின் நடை நின்றது.

"கால்வாய்ப் பக்கம்."

அது பள்ளமான இடம். கல் வைக்க வசதியில்லாதவர்களை அங்கேதான் அடக்குவார்கள். மரச்சிலுவை இரண்டு மழைக்குத் தாங்காது. வேலை கிடைத்ததும் கல் வைக்கிறேன் என்றவர், வேலை கிடைத்ததும் அந்தப் பக்கம் வரவே கூசினார். முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

இருவரும் அங்கே இறங்கிப் போனார்கள். எல்லா மேடுகளும் ஒரே மாதிரி இருந்தன. மதலைமுத்து ஏதோ ஒன்றைக் காட்டினார்.

"இதுதான்."

"பேரு?"

"ஞானம்மா."

உபதேசியார் மண்டியிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி நிதானமாகச் செபித்தார். பாதிச் செபத்தில், சுண்ணாம்பு வாளியோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"ஐயா, யாருங்க நீங்க? அது என் பிள்ளை."

மதலைமுத்துவுக்கு உடம்பெல்லாம் குன்றிப்போயிற்று. பெற்றவளை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறார். "மன்னிச்சிரும்மா" என்று கைகூப்பினார்.

"இருக்கட்டுங்கையா. எம்புள்ளைக்கு ஒரு செபம் கிடைச்சுதே" என்று அவள் சுண்ணாம்பு அடிக்கும் மட்டையை வாளியில் தோய்த்தாள்.

அதற்குத்தான் அவருக்கு அழுகை வந்தது.

"எரநூறு கல்லு மனப்பாடம், உபதேசியாரே. எங்கம்மா எதுன்னு தெரியல. ரெஜிஸ்டர்ல பேரு இருக்கு, இடம் இல்ல. இனிமே நான் எங்க போய்த் தேடுவேன்?"

உபதேசியார் பக்கத்து மேட்டருகே குந்தி, அதன் மேலிருந்த முள்செடியைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"அது யாரோடதுன்னு தெரியாதே" என்றார் மதலைமுத்து.

"உங்கம்மாவோடது இல்லைன்னு மட்டும் தெரியுமா?"