முதல் போன் யார் போடுவது?

கதையை முழுதும் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். நடுவில் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆனைமலைத் தொடரில் செங்காட்டுமலை என்றொரு தேயிலை எஸ்டேட். அங்கே தொழிலாளர் வீட்டு வரிசையைப் பாடி என்பார்கள். மலைச்சரிவில் கீழ்பாடி, அதற்கு மேலே, காட்டை ஒட்டி, மேல்பாடி. இரண்டுக்கும் நடுவில் ஒரே பாதை. யானைகளுக்கும் அதுதான் பாதை.

அதனால் நடுவழி வளைவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். யானையைக் கண்டால் கீழ்பாடிப் பிள்ளைக்காப்பகத்து ஆயா பொன்னுத்தாய் தன் போனிலிருந்து அந்த விளக்கில் பொருத்திய சிம்முக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், விளக்கு எரியும். யானை போனதும் இன்னொரு மிஸ்டு கால், அணையும். விளக்கு எரிந்தால் யாரும் பாதையில் இறங்கக் கூடாது. இரண்டு பாடியும் கூடி எடுத்த முடிவு அது.

கீழ்பாடியில் சிக்னல் வரும், போகும். மேல்பாடியில் வருவதே இல்லை. போன மழைக்காலத்தில் அங்கே சகாயம் என்பவனின் தம்பி மனைவிக்கு வலி கண்டபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கீழே ஓடி வர வேண்டியிருந்தது. வண்டி வருவதற்குள் பாதையோரத்தில், கொட்டும் மழையில், பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அவர்கள் நல்ல நேரம்.

எஸ்டேட்டுக்கு ஒரு செல்போன் டவர் வரப்போகிறது என்ற செய்தி வந்தது. ஒன்றே ஒன்று, மலை மறைப்பதால் ஒரு பாடிக்குத்தான் சரியாக எட்டும். எந்தப் பாடியில் வைப்பது என்பதை மக்களே கூடி, கை தூக்கிச் சொல்ல வேண்டும். கூட்டம் கீழ்பாடி மண்டபத்தில். அன்றே தீர்மானம் ஆகாவிட்டால் டவர் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விடும்.

கூட்டத்துக்கு மேல்பாடியே திரண்டு இறங்கியது. முன்னால் சகாயம். பாதி வழியில் மூடுபனி கவிந்தது. பனிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா?" என்று கத்தினான் சின்னப்பன். "நாம வரக் கூடாதுன்னு வேணும்னே போட்டிருக்காங்க. விளக்கு அவங்க ஆளு கையிலதான இருக்கு! யானையுமில்ல, பூனையுமில்ல. நடங்கண்ணே!"

சகாயம் காது கொடுத்துக் கேட்டான். ஒரு கிளை முறியும் சத்தம்கூட இல்லை. சின்னப்பன் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. தம்பி மனைவி நனைந்து கிடந்தது கண்முன் வந்து நின்றது. ஆனாலும் அவன் பாதையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னைக்கு நாம இதைத் தாண்டினா நாளைக்கு நம்ம பிள்ளைங்களும் தாண்டும். நான் போகல. யாரும் போக வேண்டாம்."

முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

உண்மையில் பொன்னுத்தாய் யானைகளைப் பார்த்திருந்தாள். பனி இறங்குவதற்குச் சற்று முன்பு, பாதையை ஒட்டிய தேயிலைக்குள் தாயும் குட்டியும் நின்றன. போனைக் கையில் எடுத்தபோதே, வேண்டுமென்றே போட்டாள் என்று மேல்பாடி பேசும் என்பது அவளுக்குத் தெரிந்தது. இருந்தும் விளக்கைப் போட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனாள்.

அங்கே டவர் விஷயமாக வந்திருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருட்டினா காட்டு வழியில ஃபாரஸ்ட்காரங்க ஜீப்பை விட மாட்டாங்க. தேவையான ஆள் இருக்கு. ஆரம்பிக்கலாமா?"

"மேல்பாடி ஆளுங்க வரல சார்," என்றாள் பொன்னுத்தாய். "யானை நிக்குது. லைட் போட்டது நான்தான்."

"அப்ப ஒரு போன் பண்ணி அவங்க கருத்தைக் கேளுங்களேன்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். "அங்க போன் போனா நாம எதுக்கு சார் இங்க உக்காந்திருக்கோம்?"

மண்டபமே சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்தது.

கீழ்பாடித் தலைவர் தவசி எழுந்தார். தன் மகள் பரீட்சைக்குப் படிக்க, சிக்னல் தேடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்காருவதைத் தினமும் பார்ப்பவர் அவர். டவர் கீழ்பாடிக்குத்தான் என்று வீடு வீடாகப் போய்ப் பேசியவரும் அவர்தான்.

"மேல்பாடியிலேயே வைக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் வேறு கை எழவில்லை. பிறகு அவள் தூக்கினாள். அதன்பின் எல்லோருமில்லை, ஆனால் போதுமான பேர் தூக்கினார்கள்.

யானைகள் விலகி, விளக்கு அணைந்து, மேல்பாடி மக்கள் வந்து சேர்ந்தபோது ஜீப் புறப்பட்டுப் போயிருந்தது. சின்னப்பன் சண்டைக்கு வாயைத் திறந்தான். தவசி விஷயத்தைச் சொன்னார். திறந்த வாயை எப்படி மூடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சகாயம் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

சில மாதங்களில் மேல்பாடியில் டவர் எழுந்தது. முதல் போனை ஊர்க்காரர் ஒருவர் போட வேண்டும் என்றார் அதிகாரி. பழி வரும் என்று தெரிந்தும் விளக்கைப் போட்ட பொன்னுத்தாயா? கைக்கு வந்ததை விட்டுக்கொடுத்த தவசியா? பாறையில் உட்கார்ந்த சகாயமா? மூன்று பேருமே மற்றவரைக் கை காட்டினார்கள்.

நீங்கள் சொல்லுங்கள்: இவர்களில் யார் செய்தது பெரியது? முதல் போன் யாருடையது?

விடை: பொன்னுத்தாய் யானையைக் கண்ணால் கண்டாள், கண்டவளுக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். தவசி விட்டுக்கொடுத்தது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் மேல்பாடியின் நிலைமை அவர் கண்முன் வெளிச்சமாகிவிட்டது, ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது. சகாயம் எதையும் காணவில்லை. எதிர்ப்பக்கத்தார் கையிலிருந்த ஒரு விளக்கை, எல்லாம் பறிபோகும் என்று தெரிந்தே, அவன் நம்பினான். அவன் நம்பாவிட்டால் அது வெறும் பல்புதான். ஆகவே போன் அவனுடையது. ஊரும் அப்படித்தான் முடிவு செய்தது. அவன் போனை வாங்கி, கீழ்பாடிக்குப் போட்டான். "பொன்னுத்தாயக்கா, மேல்பாடியிலிருந்து சகாயம் பேசறேன். கேக்குதா?" என்றான். "கேக்குதுய்யா, பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது," என்றாள் அவள்.