கிளையை விடாத கடைக்குட்டி

அந்தக் காலத்தில், மரத்துக்கும் நண்டுக்கும்கூட வாய் இருந்தபோது, சுரபுன்னையின் விதையும் மற்ற மரங்களின் விதை மாதிரிதான் இருந்தது. பழுத்தால் உதிரும், உதிர்ந்த இடத்தில் முளைக்கும். முளைக்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு.

ஆறு கடலில் கலக்கிற கழியின் ஓரத்தில் ஒரு சுரபுன்னை நின்றாள். காலடியில் சேறு, தண்ணீர் ஏறினால் இடுப்பளவு உப்புநீர். அவளுக்கு அது முதல் காய்ப்பு. பூரித்துப் போயிருந்தாள். தலைச்சன் பிள்ளைக்காரிக்கு யோசனை சொல்ல ஆளா இல்லை? சற்றுத் தள்ளி, மேட்டுக் கரையில் தில்லை மரம் இருந்தாள். பல தடவை பெற்றவள்.

"ஏண்டி, பழுத்ததையெல்லாம் இன்னும் இடுப்புலயே வெச்சுக் கொஞ்சிக்கிட்டிருக்கே? உதறி விடு. நான் அப்படித்தான் விட்டேன். பாரு, எத்தனை கன்னு!"

பொய்யில்லை. தில்லையின் காலடியில் கன்றுகள் நெருக்கியடித்து நின்றன. சுரபுன்னைக்கு ஆசை வந்துவிட்டது. அக்கா நிற்பது மேடு, தான் நிற்பது பள்ளம் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

தண்ணீர் வடிந்து சேறு தெரிந்த ஒரு மத்தியானம், காற்று வந்த சமயம் பார்த்து உடம்பை உலுக்கினாள். பொத்துப் பொத்தென்று பிள்ளைகள் சேற்றில் விழுந்தன. ஒருத்தி மட்டும் விழவில்லை. கிளை நுனியில் ஒரு கடைக்குட்டி, காம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். போதாக்குறைக்கு, பழத்தைத் துளைத்துக்கொண்டு பச்சையாக ஒரு கால் வேறு எட்டிப் பார்த்தது.

"இது என்னடி கூத்து! பெத்தவ மேலேயே முளைக்கிற பிள்ளை உண்டா?" என்றாள் தில்லை.

சுரபுன்னைக்கு மானம் போயிற்று. "இறங்குடி, சனியனே!"

"முடியலைம்மா. கை விட மாட்டேங்குது."

அவளை இன்னொரு உலுக்கு உலுக்குவதற்குள் கீழே சேறு அசைந்தது. வளைக்கு வளை நண்டுகள் வெளியே வந்தன. சுரபுன்னைக்கு முதலில் விளங்கவில்லை. கறுக், கறுக்கென்று சத்தம் கேட்ட பிறகுதான் விளங்கியது.

"ஐயோ! அதுங்க என் பிள்ளைங்க!"

ஒரு கிழ நண்டு தின்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தது. "எங்களுக்கென்னம்மா தெரியும்? நீயாத்தானே போட்டே. விருந்துன்னு நெனச்சோம்."

ஓடி வந்து பொறுக்கிக்கொள்ள மரத்தால் முடியுமா? நின்ற இடத்தில் நின்றபடி பார்த்தாள். சற்றைக்கெல்லாம் கடல் ஏறி வந்து மிச்சத்தை வாரிக்கொண்டு போயிற்று. வேர் பிடிக்க ஒரு பொழுதுகூட எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை.

"அக்கா, எங்கக்கா என் பிள்ளைங்க?"

தில்லை தன் காலடிக் கன்றுகளைக் குனிந்து பார்த்தாள். "எங்கிட்ட தண்ணி வராதேடி... நான் அதை நெனக்கலையே," என்றாள்.

சுரபுன்னை சனியனே என்று திட்டிய அந்த ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். மாதக்கணக்கில் அவளுக்குத்தான் அத்தனை சாறும் போயிற்று. அவள் கால் ஒரு முழ நீளம் வளர்ந்து, முனை கூராகிக் கனத்துத் தொங்கியது.

ஒருநாள் அவள் சொன்னாள்: "அம்மா, இப்போ கை தானா நழுவுது."

"வேண்டாண்டி! என் கண்ணு, விட்டுடாதே!"

விட்டுவிட்டாள். ஆனால் பொத்தென்று சத்தம் கேட்கவில்லை. சதக்கென்று கேட்டது. கடைக்குட்டி கூர்முனை கீழாகச் சேற்றில் இறங்கி நட்டமாக நின்றாள். அதே கிழ நண்டு வந்து கடித்துப் பார்த்தது. கொடுக்குக்கு மசியவில்லை, போய்விட்டது. தண்ணீர் ஏறி வந்து முட்டியது. சாய்ந்தாள், விழவில்லை. சுரபுன்னை அதிர்ந்து போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவளையா நான் உலுக்கினேன்?

கடைக்குட்டி வளர்ந்து காய்த்தபோது, அவள் பிள்ளைகளில் சிலருக்கு அம்மாவின் பிடிவாதம் இருந்தது. மற்றவர்கள் சமர்த்தாக உதிர்ந்து நண்டுக்கு இரையானார்கள். பிடிவாதக்காரிகள்தான் பிழைத்தார்கள், பிழைத்தவர்கள்தான் பெற்றார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதனால்தான் சுரபுன்னையின் விதை தாயின் கிளையிலேயே முளைத்து, கால் நீண்ட பிறகே சேற்றில் இறங்குகிறது. பெற்றவள் சொன்னதும் இறங்கிய பிள்ளைகளின் வம்சத்தில் அந்தக் கழியோரம் இன்று ஒரு மரம்கூட இல்லை.