பேசாமலிருக்க ஓர் அலைவரிசை

ஆகாயத்தைத் துண்டு துண்டாக அளந்து கொடுக்கும் ஊர் ஒன்று இருந்தது. துண்டுக்கு அலைவரிசை என்று பெயர். ஒன்றைப் பெற்றவர் அதில் பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது.

முதலில் மனுக்களைப் பார்த்துக் கொடுத்தார்கள். தகுதியுள்ளவர்கள் என்று தேறியவர்கள் எல்லாரும் யாருக்காவது மாப்பிள்ளையாக இருந்தார்கள். பிறகு குலுக்கல் வந்தது. பேச ஒன்றுமில்லாதவர்களுக்கெல்லாம் விழுந்தது. அவர்கள் மறுநாளே கைமாற்றி விட்டார்கள். கடைசியில் ஏலம் வந்தது. அதை நடத்தச் சுத்தியல் வந்தது. சுத்தியல் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை.

ஒருநாள் மலையுச்சியிலிருந்து பெரிய இரும்புத் தட்டு ஒன்று ஏலக் கூடத்துக்கு இறங்கி வந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கும் ஹைட்ரஜனின் குரலைக் கேட்பது அதன் வேலை. குரல் என்பது தவறு, அலை என்பதே சரி. ஆனால் தட்டு குரல் என்றுதான் சொல்லும். அந்தக் குரல் வரும் அலைவரிசைதான் அன்று ஏலத்தில் இருந்தது. அதில் வேறு யார் முணுமுணுத்தாலும் தட்டுக்குக் காது அடைத்துவிடும்.

செல்பேசிக் கோபுரம் கால்களைப் பரப்பி நின்றிருந்தது. "வாங்க தட்டண்ணே. இன்னும் பந்தி போடலையே."

"சாப்பிட வரலை தம்பி. ஏலத்துக்கு வந்தேன்."

"எவ்வளவுக்குக் கேக்கறீங்க?" என்றது சுத்தியல்.

"பணம் இல்லைங்க ஐயா."

"கிடைச்சா என்ன பேசுவீங்க?"

"ஒண்ணும் பேச மாட்டேன். வேற யாரும் பேசக் கூடாது, அதுக்குத்தான் கேக்கறேன்."

கூடம் சிரித்தது. கோபுரம் பெரிய தொகை ஒன்றைச் சொன்னது.

"ஒரு தரம்," என்றது சுத்தியல்.

"ஐயா, அதுல ஏற்கெனவே ஒருத்தர் பேசிட்டிருக்கார்."

"அளந்து பாத்தாச்சு. காலி."

"உங்க மீட்டருக்குக் காலி."

"அவரால எனக்கு ஏதாவது தொந்தரவு வருமா?" என்றது கோபுரம்.

ஆமாம் என்று ஒரு பொய் சொன்னால் ஏலம் நின்றுவிடும். தட்டுக்கு அது தெரியும். "வராது தம்பி. உன்னாலதான் அவர் குரல் அமுங்கிப் போகும்."

"அப்ப எனக்கு வில்லங்கம் இல்லை. நடத்துங்க ஐயா."

"ரெண்டு தரம்."

தட்டு நகர்ந்து போய், சுத்தியல் அடிக்கும் மேசை மேலேயே ஏறி, வானம் பார்த்து உட்கார்ந்தது. "ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாம இருங்க. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

இறக்கிவிட நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. சனியன் தொலையட்டும் என்று எல்லாரும் தங்கள் சுவிட்சை அணைத்தார்கள்.

தட்டிலிருந்து மெல்லிய சத்தம் எழுந்தது. பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிவது போல இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றது கோபுரம்.

"இது கிளம்பினப்போ இந்த ஊரே இல்லை தம்பி."

"என்னதான் சொல்லுது?"

"முழுசாத் தெரியாது. இன்னும் சொல்லி முடிக்கலை."

கோபுரம் நெளிந்தது. "பேச்சுக்கு நடுவுல லைனைத் துண்டிக்கறது எங்க தொழில்ல பெரிய கேவலம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பிறகு சுத்தியலைப் பார்த்தது. "கேட்ட தொகையை வாபஸ் வாங்கலாமா?"

"விதியில இடமில்லை."

சுத்தியல் தலையைத் தூக்கியபடியே வெகுநேரம் நின்றது. மூன்றாம் தரம் சொன்னால்தான் விற்பனை. அதை எப்போது சொல்ல வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

"அடுத்த அலைவரிசை," என்றது, குரலைத் தாழ்த்தி. "அந்தப் பக்கத்து மேசைக்கு வாங்க."

முந்தைய ஏலம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.