ஓடை எங்கே போகிறது

வீட்டுத் தோட்டங்களில் ஓடை கட்டித் தருவது திலகவதியின் தொழில். கோவைக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். கண்ணெதிரே மலை இருக்க, தோட்டத்துக்குள் பொய் ஓடை கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது! ஆனால் அவள் கட்டினால் அது பொய் என்று தவளைக்குக்கூடத் தெரியாது. மறுவாரமே வந்து குடியேறிவிடும்.

கனகசபாபதி அவளிடம் சீடராகச் சேர்ந்தபோது அவளைவிட நன்றாக மூத்தவர். லேத் பட்டறையை மூடிவிட்டு, சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்தவர். அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். திட்டும்போதும் அண்ணாதான்.

முதல் நாள் அவர் கற்களைக் கரையோரம் வரிசையாக அடுக்கினார். அவள் காலால் தள்ளிவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, நகைக்கடையா வெச்சிருக்கறீங்க? பாதிக் கல்ல மண்ணுக்குள்ள புதைங்க. பொறந்ததுல இருந்து அங்கியே கெடந்த மாதிரி இருக்கோணும்."

அவர் புதைத்தார். பிறகு ஒருநாள் கேட்டார்.

"மேஸ்திரியம்மா, இந்தத் தொழில்ல முக்கியமானது என்னங்க?"

"மேல ஒரு பொய், கீழ ஒரு பொய்."

"புரியலீங்க."

"எங்கிருந்தோ வருதுன்னு மேல ஒரு பொய். எங்கியோ போகுதுன்னு கீழ ஒரு பொய். ரெண்டையும் ஒழுங்காச் சொல்லிட்டீங்கன்னா நடுவுல இருக்கறத தண்ணியே பாத்துக்கும்."

"ஓடை நல்லா வந்திருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?"

"பாக்க வர்றவங்க, இது எங்கீங்க போகுதுன்னு கேப்பாங்க. கேட்டாங்கன்னா நீங்க ஜெயிச்சாச்சு."

"கேட்டா என்ன சொல்றதுங்க?"

"வாயத் தொறக்காதீங்க. சொல்லிட்டா ஓடை செத்துப்போயிரும்."

அவர் தனியாகக் கட்டிய முதல் ஓடை அவர் வீட்டுத் தோட்டத்தில்தான். மகள் நித்திலா ஆசைப்பட்டுக் கேட்டது. மேலே பெரணிப் புதருக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. இரண்டு இடத்தில் வளைந்து, ஒரு பாறைமேல் சரிந்து, கீழே மதிலோரம் கோரைக்குப் பின்னால் காணாமல் போனது. அங்கே தரைக்கடியில் ஒரு தொட்டி. தொட்டிக்குள் மோட்டார். அதே தண்ணீரைக் குழாய் வழியாக மறுபடியும் மேலே தள்ளும்.

திலகவதி பார்க்க வந்தாள். ஓடையோரம் மெதுவாக நடந்தாள். கோரையருகே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எங்கீங்கண்ணா போகுது?"

அவர் வாய் திறக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. நித்திலா தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்; அவளும் சிரித்தாள்.

சித்திரையில் நித்திலாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். திலகவதி துக்கத்துக்குப் போய் ஓர் ஓரமாக நின்றாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமலே திரும்பினாள்.

அதன்பின் கனகசபாபதி வேலைக்கு வரவில்லை. ஆடி பிறந்த பிறகு போன் செய்தார்.

"மேஸ்திரியம்மா, ஓடை நின்னு நின்னு போகுதுங்க. பெரிய மோட்டாரா போட்டுத் தாங்க. எந்நேரமும் நிக்காம ஓடற மாதிரி."

மறுநாள் காலையில் போனாள். அவர் மனைவி சுலோச்சனா ஓடையின் தலைமாட்டில், பெரணிப் புதரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தண்ணீருக்குள் இருந்தது. அந்த அம்மாள் பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் தட்டில் இட்லி, தொடாமல் காய்ந்து கிடந்தது.

"அக்கா, சாப்பிடலீங்களா?"

"பாப்பா வந்துரட்டும்."

திலகவதி அதற்குமேல் கேட்காமல் கீழே போனாள்.

தொட்டியின் மூடியைத் திறந்தாள். மோட்டாரைச் சுற்றியிருந்த ஜல்லடை முழுக்க அழுகிய பூ. செவ்வந்தியும் மல்லியும் நாறிப்போய் ஒட்டிக்கிடந்தன. அதற்குள்ளிருந்து, தண்ணீரை வடிகட்டுகிற பஞ்சை உருவினாள். மஞ்சளாக இருக்க வேண்டிய பஞ்சு கனமாக, கருஞ்சாம்பல் நிறத்தில் வந்தது.

"மோட்டார் மேல தப்பில்லீங்கண்ணா. பஞ்சு அடைச்சுப்போச்சு. இத்தன நாளாக் கழுவாம என்ன பண்ணுனீங்க?"

அவள் குழாயடிக்கு எடுத்துப் போனாள். கனகசபாபதி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அதுவரை அவள் நிழலைக்கூட மிதித்ததில்லை.

"கழுவாதீங்க. கும்பிடறேன். கழுவாதீங்க."

அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு மூடியின்மேல் மெதுவாக வைத்தாள்.

"இங்கியா கரைச்சீங்க?"

அவர் தலையசைத்தார்.

"ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லீங்க. பொதருக்கு நடுவுல ஒரு குட்டை. அதுலயும் சாக்கடை. எம் பொண்ண அதுலயா விடறது? அஸ்திக் கலயத்தத் திருப்பிக் கொண்டுவந்துட்டேன். ஓடற தண்ணியிலதான கரைக்கோணும்? இங்க ஓடிட்டிருந்துச்சுங்க."

"சொந்தக்காரங்க ஒண்ணும் கேக்கலியா?"

"இது எங்க போகுதுன்னு கேட்டாங்க."

திலகவதி மதிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"போர் தண்ணி மேல வருது, மதிலத் தாண்டி வாய்க்கால்ல விழுந்து ஆத்துக்குப் போயிருதுன்னு சொன்னேன். பாத்தாங்க. நம்பிட்டாங்க. சுலோச்சனாவும் நம்பிட்டா. அத்தன நல்லாக் கட்டியிருந்தனுங்க."

பிறகு மிச்சத்தையும் கொட்டிவிட்டார்.

சுலோச்சனா தினமும் காலையில் பூ விட்டாள். பூ மிதந்து போய்க் கோரைக்குப் பின்னால் மறையும். பாப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுந்து போய் உலை வைப்பாள். கொஞ்சம் தேறிக்கொண்டுதான் வந்தாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் வந்து ஜல்லடையிலிருந்து பூவைப் பொறுக்கி எடுத்துக் குழியில் புதைப்பார்.

ஒருநாள் ஜல்லடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மோட்டாருக்குள் போன பூ இதழ் இதழாகப் பிய்ந்து, பெரணிக்குள்ளிருந்து வெளியே வந்தது. சுலோச்சனா பார்த்துவிட்டாள். போன பூ பூமிக்குள்ளிருந்து திரும்பி வந்திருக்கிறது. பூ வந்தால் பின்னாலேயே பொண்ணும் வருவாள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. மோட்டார் நின்றால், வழியை அடைக்காதே என்று அலறினாள்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"அந்த எடத்த விட்டு எங்கீங்க எந்திரிக்கறா? இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டரே வந்து பாத்துட்டுச் சொன்னாருங்க. அதான் மோட்டார் நிக்காம இருந்தா..."

"இருந்தா?"

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஓடற தண்ணிதானுங்க அது? நான் பண்ணுனது தப்புங்களா? ஓடிட்டுத்தான இருக்குது?"

திலகவதிக்கு அவர்மேல் கோபம் வந்தது. தன்மேல் அதைவிட அதிகமாக வந்தது. மதிலோரம் போய் சுவிட்சை அமுக்கினாள்.

மோட்டாரின் முனகல் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரியவில்லை. பாறைமேல் சரிந்த தண்ணீர் மெலிந்தது. நூலானது. சொட்டியது. வளைவுகளில் மிச்சமிருந்தது கீழே இறங்கி, கோரைக்குப் பின்னால் தொட்டிக்குள் வந்து விழுந்து அப்படியே நின்றது. கூழாங்கற்களுக்கு அடியில் கறுப்பு ரப்பர் ஷீட் தெரிந்தது. சுருக்கங்களில் சாம்பல் தங்கியிருந்தது.

"நல்லாப் பாருங்கண்ணா. இத்தன நாளா ஓடுச்சா, சுத்துச்சா?"

கனகசபாபதி இடிந்துபோய்க் கரையில் உட்கார்ந்தார்.

"பொண்ண ஒரு எடத்துல நிக்க விடாமச் சுத்த விட்டுட்டனுங்களே."

மேலே அலறல் கேட்டது. சுலோச்சனா எழுந்துவிட்டாள். வற்றிய ஓடையில் இறங்கி, கல்லில் இடறி, கைகளை ஊன்றி வந்தாள். முதல் வளைவைத் தாண்டினாள். பாறையருகே வழுக்கி விழுந்து எழுந்தாள். முழங்காலில் ரத்தம் வந்தது. கோரையைப் பிடுங்கி எறிந்தாள்.

அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. திறந்து கிடந்த தொட்டி தெரிந்தது. அதிலிருந்து மேலே போகிற குழாய் தெரிந்தது. மூடியின்மேல் சாம்பல் பூத்த பஞ்சு இருந்தது. வாய்க்காலுக்கு வழி இல்லை. மதில்தான் இருந்தது.

பிறகு புருஷனிடம், சின்னக் குழந்தை கேட்பது போலக் கேட்டாள்.

"ஏனுங்க, இது எங்கீங்க போகுது?"

கனகசபாபதி தன் மேஸ்திரியைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணா."

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

திலகவதி பஞ்சை எடுத்து அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"அது பாக்க வந்தவங்க கேட்டாத்தானுங்கண்ணா. இவங்க பெத்தவங்க."