பலாச்சுளை பீட்சாவும் ராஜாவின் நாக்கும்

பவளத்துறையை ஆண்ட ராஜா கஜகேசரிக்கு நாடாளத் தெரியும் என்று ஒருவரும் சொன்னதில்லை. சாப்பிடத் தெரியும் என்று மட்டும் அவரே சொல்லிக்கொள்வார்.

ஒரு சமயம் இத்தாலி தேசத்துக் கப்பல் ஒன்று பவளத்துறையில் நங்கூரம் போட்டது. காற்று திரும்பும்வரை கிளம்ப முடியாது. கப்பலின் சமையல்காரன் லொரென்சோ சும்மா இருக்கமாட்டாமல் கடற்கரையில் களிமண் அடுப்பு கட்டினான். மாவைத் தட்டி, மேலே தக்காளியும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்டான். பீட்சா என்றான். வாசனை அரண்மனைக்குள் நுழைந்தது. மறுநாள் லொரென்சோவும் நுழைந்தான், ராஜாவின் சமையல்காரனாக.

அதற்குப் பிறகு சபையில் வேறு பேச்சே இல்லை. அடிப்பாகம் மெத்தை மாதிரி தடிமனாக இருக்கவேண்டும் என்பார் தளபதி. ராணிக்கு நடுப்பகுதியே வேண்டாம், உப்பிய விளிம்பு மட்டும் போதும். வைத்தியர் மேலே சுண்டைக்காய் வற்றலைத் தூவித் தின்றார். ஏரிக்கரை உடைந்துவிட்டது என்று முறையிடச் சில குடியானவர்கள் வந்தார்கள். "பொறுங்கள், விளிம்பு விவகாரம் முடியட்டும்" என்று அவர்களை வாசலிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். பெரிய மனிதர்களுக்குப் பெரிய கவலைகள்!

ராஜாவின் ருசியோ தனி. அடி அப்பளம் மாதிரி மெலிந்து, ஓரம் கருகியிருக்கவேண்டும். மேலே பலாச்சுளை. அதன்மேல் நெத்திலிக் கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலே வெல்லப்பாகு.

அதை வாயில் போட்ட அமைச்சர் நாகலிங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா, அமிர்தம்!"

கண்ணில் நீர் ஏன் வந்தது என்பது அவருக்கும் அவர் தொண்டைக்கும்தான் தெரியும்.

ராஜா பூரித்துப்போய் லொரென்சோவைக் கூப்பிட்டார். "தின்று பார். எப்படி இருக்கிறது?"

லொரென்சோ தமிழ் கற்றது துறைமுகத்துப் படகோட்டிகளிடம். மரியாதைச் சொற்களை அவர்கள் சொல்லித்தரவில்லை. ஒரு வாய் கடித்தான். துப்பினான்.

"த்தூ! இதை நாய் தின்னாது. நீ எப்படித் தின்கிறாய்?"

நாகலிங்கர் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! ஆளுக்கொரு ருசி இருப்பதால் வந்த வினை இது. தங்கள் நாக்குக்கு ருசிப்பதே நாட்டுக்கு ருசி என்று கட்டளை இடுங்கள். மீறுகிற நாக்கை அறுத்துவிடலாம். முதலில் இவன் நாக்கு."

அன்றே முரசு அறைந்தார்கள். 'எந்த உணவு ருசி, எது ருசியில்லை என்பதை ராஜாவின் நாக்கே தீர்மானிக்கும். மற்ற எவரும் தாமாகத் தீர்மானிக்கக் கூடாது. மீறினால் நாக்கு அறுபடும்.' லொரென்சோவைச் சிறையில் தள்ளினார்கள். மறுநாள் மாலை தண்டனை. தளபதி அந்த நிமிடமே மெல்லிய அடிக்கு மாறிவிட்டார். வைத்தியர், சுண்டைக்காய் என்றால் என்ன என்று கேட்டார்.

அந்தச் சபையில் ஆவுடையப்பர் என்று ஒருவர் இருந்தார். வாய்த்துடுக்குக்காகவே ராஜா அவரை வைத்திருந்தார். அவர் சிறைக்குப் போனார்.

"ஏனப்பா, உனக்குப் பொய் சொல்லத் தெரியாதா?"

"தெரியும். சாப்பாட்டு விஷயத்தில் வராது" என்றான் லொரென்சோ. "நாக்கு போனால் உப்புப் பார்ப்பது எப்படி? நான் இனி எதற்கு ஆவேன்?"

ஆவுடையப்பர் நேராகக் கடைவீதிக்குப் போனார். "முரசு கேட்டீர்களா? நாளை எதைத் தின்பதானாலும் ராஜாவிடம் ருசி கேட்டுவிட்டுத் தின்னுங்கள். நாக்கு பத்திரம்!"

விடிந்தபோது அரண்மனை வாசலில் ஊரே நின்றது. ஆளுக்கொரு சட்டி.

"என்ன கூட்டம் இது?" என்றார் ராஜா.

"பசிக் கூட்டம், மகாராஜா" என்றார் ஆவுடையப்பர். "தங்கள் நாக்கு சொன்னால்தான் இவர்கள் வாய் திறக்கலாம்."

ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் வந்த கோழிக்குழம்பை ரசித்துச் சுவைத்தார். அடுத்து புளித்த கூழ் வந்தது. பிறகு அழுகல் வாடை வீசிய மீன் வந்தது. ஒரு நோயாளி நிலவேம்புக் கஷாயத்தை நீட்டினான். ராஜாவின் முகம் கோணிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு மாட்டுக்காரன் ஊறவைத்த புண்ணாக்கைக் கொண்டுவந்தான்.

"அடே! இது மாட்டுத் தீனி!"

"மாடு காலையிலிருந்து வாய் வைக்கவில்லை, மகாராஜா" என்றார் ஆவுடையப்பர். "'எந்த உணவு' என்றுதானே கட்டளை? மாட்டுக்கும் நாக்கு இருக்கிறது. அமைச்சர்களுடையதைவிட நீளம்."

"நாகலிங்கரே, நீர் தின்னும்!" என்று அலறினார் ராஜா.

நாகலிங்கர் பின்வாங்கினார். "மகாராஜா, அடியேன் தீர்மானிக்கக் கூடாதே!"

"தீர்மானிக்க வேண்டாம், தின்றால் போதும்" என்றார் ஆவுடையப்பர். "அவர் முகத்தைப் பார்த்து மகாராஜா தீர்ப்புச் சொல்லிவிடுவார்."

நாகலிங்கர் ஒரு கை அள்ளி வாயில் போட்டார். மென்றார். ராஜா தன்னையே பார்ப்பதைக் கண்டார். பழக்கதோஷம் விடவில்லை.

"ஆஹா, அமிர்தம்!"

ராஜா அப்படியே நின்றார். "என் பீட்சாவுக்கும் இதே சொல்லைத்தானே சொன்னீர்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவின் காது சிவந்தது. கட்டளையை அந்த இடத்திலேயே ரத்து செய்தார். லொரென்சோவைச் சிறையிலிருந்து விடச் சொன்னார். நாகலிங்கரை ஏரிக்கரை அடைக்க மண் சுமக்க அனுப்பினார். அவரவர் சட்டியை அவரவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள்.

சற்று நேரத்தில் கோபம் தணிந்து ராஜாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஓய் ஆவுடையப்பரே! ஒரு பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றினீர். உமக்குப் பெரிய பரிசு தரவேண்டும்" என்று கைதட்டினார். தங்கத் தட்டில் வந்தது: ஓரம் கருகி, பலாச்சுளை, நெத்திலிக் கருவாடு, வெல்லப்பாகு எல்லாம் வழிய, முழு பீட்சா. ராஜா தம் கையாலேயே நீட்டினார்.

ஆவுடையப்பர் தட்டைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார்.

"மகாராஜா, இது பரிசா, தண்டனையா? சொல்லிவிட்டால் முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்வேன்."