மேகத்துக்குக் காதுகுத்து

மலையடிவாரத்து மடத்தின் குரு மங்களாம்பாள். அவருடைய சீடர் ஆவுடையப்பன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கோர்ட்டில் இருபது வருஷம் வாதாடிவிட்டு வந்தவர்.

மூன்றாவது வருஷமாக மழை இல்லை. அம்மி கொத்திப் பிழைக்கும் செல்லக்கிளியின் உளிச்சத்தம்தான் மேகத்தை விரட்டுகிறது என்றார் ஊர்த்தலைவர் சடையாண்டி. வெள்ளிக்கிழமைக்குள் அவள் பிள்ளைகளோடு ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“மேகத்துக்குக் காது இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. காதுகுத்து எப்போ? தலைவர்தான் தாய்மாமனா? மடியில உட்கார வச்சா தாங்குவாரா?”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவரின் முகம் சிவந்துபோனது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? நாளைக்குக் காலையிலேயே கிளம்பட்டும்” என்றார்.

செல்லக்கிளி ஆவுடையப்பனை ஒருமுறை பார்த்தாள். உளிகளைச் சாக்கில் கட்டப் போனாள். அவர் மடத்துக்கு ஓடி நடந்ததைச் சொன்னார்.

குரு மடத்து மணியைக் கழற்றச் சொன்னார். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார்கள்.

“என்னம்மா இது?”

“சத்தத்துக்கு மேகம் ஓடுதுன்னு சொன்னீங்களாம். எங்க மணிச்சத்தம் உளிச்சத்தத்தைவிடப் பெரிசு. முதல் குத்தம் எங்களோடதுதான். இதைப் பரண்ல போட்டு வைங்க.”

தலைவர் மணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். குருவின் முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

“உங்க மாட்டுக் கழுத்து மணியையும் அவிழ்த்துடலாமா?”

“அது சின்ன மணிதானேம்மா.”

அப்போது உள்ளே தொட்டிலில் அவருடைய பேரன் வீரிட்டு அழுதான்.

“தொட்டில்ல அழுற இவரை என்ன பண்ணலாம்? நீங்கதான் சொல்லணும்” என்றார் குரு.

தலைவரின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

“இவன் தொண்டைக்கு மேகம் ஓடுறதா இருந்தா, கடல் தாண்டியில்ல போயிருக்கும்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மணியைக் குருவின் பக்கம் நகர்த்தினார்.

“மணியை எடுத்துட்டுப் போங்கம்மா. அந்தப் பொண்ணு இருக்கட்டும்.”

திரும்பும் வழியில் ஆவுடையப்பன் கேட்டார்: “நானும் இதே கிண்டலைத்தானே பண்ணினேன்?”

“உங்க பேச்சுக்கு யார் சிரிச்சாங்க?”

“ஊரே சிரிச்சுது.”

“உத்தரவு போட்டது ஊரா?”