இருவாச்சி தட்டிய சுவர்

பனிமூட்டம் காலையில் வெகுநேரம் விலகாத ஒரு மலைக்காட்டில் கொண்டையன் என்றோர் இருவாச்சிப் பறவை இருந்தான். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் தோணியைக் கவிழ்த்து வைத்தாற்போல ஒரு கொண்டை. அவன் பறந்தால் சிறகின் இரைச்சல் பள்ளத்தாக்குவரை கேட்கும். எல்லாம் இருந்தும் அவனுக்கு ஒன்று மட்டும் இல்லை. அது தூக்கம்.

குழந்தைகளே, இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணும் பழச்சக்கையும் குழைத்து உள்ளேயிருந்தே வாசலைச் சுவர்போலப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு பிளவு மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே போனபின் அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை அதனால் பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் தேடி வந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பொழுது சாய்ந்ததும் ஆண் பறவைகள் கூட்டை விட்டு விலகி, ஆற்றோரத்துப் பட்டமரத்தில் ஒன்றாகச் சேர்ந்து தூங்கும். கூடு எங்கே இருக்கிறது என்பதை இருட்டில் திரிகிறவர்களுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது அல்லவா?

கொண்டையனின் மனைவி பொன்னலகி குங்கிலிய மரத்துப் பொந்தில் முட்டையோடு அடைந்திருந்தாள். கொண்டையனும் முதலில் பட்டமரத்துக்குத்தான் போனான். ஆனால் கண்ணை மூடினால் சந்தேகம் திறந்துகொண்டது. சுவர் இருக்கிறதா? பொன்னலகி இருக்கிறாளா? பக்கத்துக் கிளைக்காரன் குறட்டை விடுகிறானே, அது உண்மையான குறட்டைதானா, அல்லது என்னைத் தூங்கவைக்கப் போடும் வேஷமா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் இருட்டிலேயே கூட்டுக்குப் பறந்து வந்தான். சுவரை அலகால் 'டொக் டொக்' என்று தட்டினான்.

உள்ளேயிருந்து 'டொக்' என்று பதில் வந்தது.

அப்பாடா என்று இருந்தது. ஆனால் கொஞ்ச நேரந்தான். பதில் தட்டியது பொன்னலகிதானா என்ற சந்தேகம் வந்தது. மறுபடி தட்டினான். அவளும் மறுபடி தட்டினாள். முன்பைவிட மெதுவாகத் தட்டினாளே, ஏன்? அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு தரம் தட்டினான். இப்படியே விடிந்தது.

அன்றிலிருந்து அவன் பட்டமரத்துக்குப் போகவில்லை. கூட்டு வாசலிலேயே உட்கார்ந்து இரவெல்லாம் தட்டினான்.

சில நாள் கழித்து, விடிந்ததும் மரத்தடியைப் பார்த்த கொண்டையனுக்குத் திக்கென்றது. கீழே மண் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. கூட்டுச் சுவரின் மண்.

"யாரோ சுரண்டுகிறார்கள்" என்றான் கொண்டையன்.

சுவர் மெலிந்துகொண்டே வருவது பொன்னலகிக்கும் தெரிந்திருந்தது. பகலெல்லாம் உள்ளேயிருந்து பூசுகிறாள். காலையில் பார்த்தால் பூச்சு நிற்பதில்லை. ஈர மண் காய்வதற்கு அசையாத ஓர் இரவு வேண்டும், நீங்கள் கொஞ்சம் தட்டாமல் இருந்தால் என்ன என்று தணிவாகக் கேட்டாள். கொண்டையனோ, சரிபார்க்க வேண்டாம் என்று இவள் ஏன் சொல்கிறாள் என்று அதையும் மனதுக்குள் எடுத்து வைத்துக்கொண்டான்.

முதலில் அவன் சந்தேகம் மேல்கிளையில் குடியிருந்த மலையணிலின்மேல் விழுந்தது. மலையணில் வாயாடி. யார் எதைக் கேட்டாலும் அவளிடம் யோசனை தயாராக இருக்கும்.

"அண்ணே, கண்ணெல்லாம் கோவைப்பழமாகச் சிவந்திருக்கிறதே. தூக்கம் இல்லையா?" என்றாள் அவள். அவன் கேட்காமலே வைத்தியமும் சொல்லத் தொடங்கினாள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே கிளையில் போய் உட்கார வேண்டுமாம். பகலில் கண் அயரக் கூடாதாம். பொழுது சாயும்போது வயிறு முட்டத் தின்னக் கூடாதாம். உட்கார்ந்தபின் நாளைய பழத்தைப் பற்றி நாளைக்குத்தான் நினைக்க வேண்டுமாம்.

எல்லாம் நல்ல யோசனைகள்தான். கொண்டையன் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரே நேரத்தில் ஒரே கிளையா? நான் இருக்கும் இடம் இவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. வயிறு முட்டத் தின்னாதேயா? மீதிப் பழம் இவளுக்கு என்பதற்காக.

"உன் நகம் ஏன் இவ்வளவு கூராக இருக்கிறது?" என்று கேட்டான்.

"மரம் ஏறத்தான். பின்னே உன்னைப்போல அலகால் தொங்கவா?" என்று சொல்லிவிட்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டாள் மலையணில். அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று கொண்டையன் முடிவு செய்தான்.

அடுத்து தேவாங்கு. தேவாங்குக்கு வேலையே இரவெல்லாம் விழித்திருப்பதுதான். பெரிய வட்டக் கண்கள். ஆனால் ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு ரொம்ப யோசிக்கும். பேச்சும் அப்படியே. பகலில் சுருண்டு கிடந்த தேவாங்கைக் கொண்டையன் அலகால் நிமிண்டி எழுப்பினான்.

"இரவெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாயே, என் சுவரைச் சுரண்டுகிறது யார் என்று பார்த்திருப்பாயே. சொல்."

தேவாங்கு ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு மற்றதைத் திறந்தது.

"பார்த்தேன்... தினமும்தான்... பார்க்கிறேன்... அது... வந்து... உன்..."

கொண்டையனுக்கு அதுவரை பொறுமை இல்லை. "இழுத்து இழுத்துப் பேசுகிறவன் பொய்யைத் தேடிக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான்.

தேவாங்கு திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டது.

கடைசியாக மரநாய். அத்திமரத்தடியில் அந்தி வேளையில் அவனைப் பிடித்தான் கொண்டையன். மரநாய் முட்டை தின்பவன், குஞ்சு தின்பவன் என்று காடு முழுக்கத் தெரியும். அதனால் கொண்டையன் சுற்றி வளைக்கவில்லை.

"உன்மேல் எனக்குச் சந்தேகம்" என்றான்.

மரநாய் கோபப்படவில்லை. உதட்டில் ஒட்டியிருந்த அத்திப்பழத்தை நக்கிக்கொண்டு, சந்தோஷமாகத் தலையாட்டினான்.

"படு, தம்பி. நன்றாகச் சந்தேகப்படு. என்னைச் சந்தேகப்படாதவன் முட்டாள். இந்தக் காட்டில் உன் ஒருவனுக்குத்தான் விவரம் இருக்கிறது."

கொண்டையன் இதை எதிர்பார்க்கவில்லை. பல நாளாக எல்லோரும் அவனைப் போய்த் தூங்கு, தூங்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் சந்தேகத்தை மெச்சிப் பேசியது இவன் ஒருவன்தான்.

"எனக்குத் தூக்கமே வருவதில்லை" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டான்.

"எப்படி வரும்? மனதில் முள் இருக்கும்போது கண் மூடுமா? முள்ளை எடுத்தால் தானாகத் தூக்கம் வரும். சந்தேகம் வரும்போதெல்லாம் சுவரைத் தட்டிப் பார். மெதுவாகத் தட்டினால் சுவர் உறுதியா என்று எப்படித் தெரியும்? பலமாகத் தட்டு. ஒரே இடத்தில் தட்டு, அப்போதுதான் சத்தம் மாறுகிறதா என்று புரியும். அந்த மலையணிலையும் தேவாங்கையும் கிட்டே சேர்க்காதே."

இது அறிவுள்ள பேச்சு என்று கொண்டையனுக்குத் தோன்றியது. எல்லோரையும் சந்தேகப்பட்டுக் களைத்துப்போன மனதுக்கு, யாராவது ஒருவரை நம்ப வேண்டும்போல இருந்தது. அவன் இவனை நம்பினான்.

அன்று முதல் தட்டு பலமானது. மரத்தடியில் மண்ணும் கூடியது. மண் கூடக் கூடச் சந்தேகம் கூடியது. சந்தேகம் கூடக் கூடத் தட்டும் கூடியது. அவன் முதுகுக்குப் பின்னால், அடுத்த மரத்துக் கிளையில், இரண்டு கண்கள் பொறுமையாக மின்னிக்கொண்டிருந்தன. வாசலையே முறைத்துக்கொண்டிருந்த கொண்டையன் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் பொந்துக்குள் முட்டை பொரிந்தது. தோலும் வாயுமாக ஒரு குஞ்சு, எப்போதும் பசி பசி என்று கத்தியது. கொண்டையனோ பகலில் பறந்துகொண்டே கண் அசந்தான். கிளை என்று நினைத்து நிழலில் உட்காரப் போனான். நாவல் மரத்துக்குப் புறப்பட்டு, எதற்குப் புறப்பட்டோம் என்று மறந்து பாறையில் நின்றான்.

ஒருநாள் மதியம் அவன் பிளவு வழியாக நீட்டியதைப் பொன்னலகி வாங்கிப் பார்த்தாள். அது பழம் இல்லை. குங்கிலிய மரத்தில் வழிந்து திரண்ட பிசின் உருண்டை.

அவள் அதைப் பிளவு வழியாகவே வெளியே தள்ளினாள்.

"இதைப் பார்க்காமல் ஊட்டியிருந்தால் குஞ்சின் தொண்டை ஒட்டிப்போயிருக்கும்" என்றாள் பொன்னலகி. "இத்தனை நாள் வெளியே இருக்கும் திருடனுக்குப் பயந்தேன். இன்றைக்கு உங்கள் பழத்துக்குப் பயப்படுகிறேன்."

கொண்டையன் தலையைத் தொங்கப்போட்டான்.

"இன்று ஓர் இரவு பட்டமரத்துக்குப் போய்த் தூங்குங்கள். நாளைக் காலையில் கீழே புது மண் விழுந்திருந்தால், திருடன் சுரண்டுகிறான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் கேட்கிறேன்."

என்னை ஏன் அனுப்பப் பார்க்கிறாள் என்று வழக்கம்போல ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் அலகில் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் அவன் ஆற்றை நோக்கிப் பறந்தான்.

பட்டமரத்தில் மற்ற ஆண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். என்ன, வீட்டில் துரத்திவிட்டார்களா என்று ஒருவன் கேலி செய்தான். கொண்டையன் ஒரு கிளையில் போய் உட்கார்ந்தான். ஒற்றைக் கண்ணை மட்டும் மூடுவது, நிலா மேலே வந்ததும் கூட்டைப் போய்ப் பார்ப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டான். பக்கத்துக் கிளைக்காரன் குறட்டை விட்டான். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கண்ணை மூடினான். மற்ற கண் தானாக மூடிக்கொண்டது.

விழித்தபோது வெயில் முதுகில் சுட்டது. மரத்தில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் பழம் தேடப் போய்விட்டிருந்தார்கள்.

கொண்டையனுக்கு உயிரே போய்விட்டது. எப்படிப் பறந்தான் என்று அவனுக்கே தெரியாது. குங்கிலிய மரத்தடியில் இறங்கி முதலில் தரையைத்தான் பார்த்தான். நேற்றைய மண் பனியில் நனைந்து கிடந்தது. அதன்மேல் புதிதாக ஒரு துணுக்குகூட விழவில்லை.

மேலே பறந்தான். சுவர் முழுதாக நின்றது. கல்போல இறுகிக் காய்ந்திருந்தது. அதன்மேல் நான்கு நகக் கீறல்கள். ஆழம் இல்லாத, வழுக்கி வழுக்கி இறங்கிய கீறல்கள்.

"வந்தானா?" என்று கேட்டான்.

"வந்தான். மரநாய்" என்றாள் பொன்னலகி. சாயங்காலமே தான் சுவரைத் தடிமனாகப் பூசியதையும், நடுச்சாமத்துக்குள் அது இறுகிவிட்டதையும், அவன் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து மூச்சு வாங்கியதையும் சொன்னாள். "கடைசியில் பிளவில் மூக்கை வைத்து என்ன கேட்டான் தெரியுமா? 'இன்றைக்கு உன் வீட்டுக்காரன் தட்ட வரவில்லையா, அம்மா?' என்று கேட்டான்."

"நீ என்ன சொன்னாய்?"

"சொல்லவில்லை. மூக்கில் ஒரு குத்து வைத்தேன். பிறகு நானும் குஞ்சும் தூங்கிவிட்டோம். எத்தனை நாளாயிற்று தூங்கி."

கொண்டையன் அலகைக் கிளையில் துடைத்தான். பிசினோடு சேர்ந்து அலகு நுனியிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்து கீழே விழுந்தது. ஏற்கெனவே கிடந்த மண்ணோடு அது கலந்துவிட்டது. எது எந்த மண் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் அத்திமரத்தில் மரநாயைப் பார்த்தான். மூக்கு அத்திக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"தேனீ கொட்டிவிட்டது, தம்பி" என்றான் மரநாய். "நேற்று நீ கூட்டுப் பக்கம் வரவில்லை போலிருக்கிறதே. இப்படி அசட்டையாக இருக்கலாமா? எனக்கே கவலையாக இருந்தது."

"உனக்குக் கவலையாகத்தான் இருக்கும்" என்றான் கொண்டையன்.

அவன் மலையணிலின் கிளைக்கு ஒரு கொத்துப் பழம் கொண்டுபோய் வைத்தான். எதற்கு இது என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்கு நன்றாகப் பழக்கமானதுதான். பொழுது சாய்ந்ததும் அவன் பட்டமரத்துக்குப் போய், முந்தின நாள் உட்கார்ந்த அதே கிளையில் உட்கார்ந்தான்.

பல நாள் கழித்து ஓர் அந்தியில் தேவாங்கு, அடிமேல் அடி வைத்து, குங்கிலிய மரத்திலிருந்து கிளை கிளையாகப் பட்டமரத்துக்கு வந்து சேர்ந்தது. கொண்டையன் பக்கத்தில் வந்து மூச்சு வாங்கி நின்றது.

"அன்றைக்கு... கேட்டாயே... யார் சுரண்டுகிறது என்று... சொல்ல வந்தேன்... அது... உன்... அலகுதான்."

கொண்டையன் காதில் அது விழவில்லை. அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

நீதி: இரவெல்லாம் பூட்டை ஆட்டிப் பார்க்கிறவனுக்குப் பூட்டும் நிலைக்காது, தூக்கமும் நிலைக்காது.